ஒரு பைசாக் காகிதமும் கரிசல் காட்டு ஊர்களும்

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



பண்டிதர் அயோத்திதாசர் 1914ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மறைந்தார். அவர் பெயரில் கூடும்போதெல்லாம் அவருடைய பௌத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம், ‘இந்திரர் தேச சரித்திரம்’ பற்றிப் பேசுகிறோம், சாதிபேதமற்ற திராவிடர் என்ற அவருடைய கருத்தைப் பற்றி வாதாடுகிறோம். இந்த முறை அவருடைய கருத்துகளைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, அவர் நடத்திய காகிதத்தைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணினோம். காகிதம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறோம். 1907 ஜூன் 19ஆம் நாள், ஒரு புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து நான்கு பக்கத்தில் வெளிவந்தது அது. விலை காலணா. அந்த விலையையே பெயராக்கி ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று வைத்தார். ஓராண்டு கழிந்து, வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி ‘தமிழன்’ ஆயிற்று.

கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு இராயப்பேட்டைக் காகிதத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். இந்த ஊரில் எழுத்துக்குக் குறைவில்லை. இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள். பூமணியும் சோ. தர்மனும் தேவதச்சனும் கோணங்கியும் இந்த மண்ணுக்காரர்கள். 1970களில் ‘நீலக்குயில்’ என்ற சிற்றிதழ் இங்கிருந்து வந்தது. கோணங்கியின் ‘கல்குதிரை’ இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இந்தக் கரிசல் காட்டில் நம் தெருக்களில் யார் யார் இருந்தார்கள், எந்த ஆண்டு எந்தக் கிணற்றுக்காகச் சண்டை போட்டார்கள், யார் முதலில் இரவுப் பள்ளி நடத்தினார்கள் என்று தேதியோடு சொல்லும் காகிதம் எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவர் கேட்டால் நம்மால் எளிதில் பதில் சொல்ல முடிவதில்லை. இந்தக் கேள்வியோடு ‘தமிழ’னைத் திறந்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது.

பழைய இதழ் ஒன்று கையில் கிடைத்தால் நம் ஆய்வாளர்கள் முதலில் தலையங்கத்தைப் படிக்கிறார்கள். தலைவர் என்ன சொன்னார் என்பது அங்கேதான் இருக்கிறது. ஊர் அங்கே இல்லை. கடைசிப் பக்கத்திலும் பத்தியின் ஓரத்திலும் சிறிய எழுத்தில் இருக்கிறது ஊர். வாசகர் கேள்வி, கூட்ட அறிவிப்பு, மண நிகழ்ச்சி, இரங்கல், ‘இன்ன ஊரில் நம்மவரைத் தண்ணீர் எடுக்க விடவில்லை’ என்ற இரண்டு வரிக் கடிதம் ஆகியவற்றைத்தான் சொல்கிறோம். பெரிய வரலாற்று நூல்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடும். ஒரு சமூகம் தன்னைத் தானே பார்த்துக்கொண்ட கண்ணாடி இவைதான்.

‘தமிழ’னில் வாசகர்கள் தங்கள் சந்தேகங்களை எழுதிக் கேட்பார்கள், பண்டிதர் பதில் எழுதுவார். பண்டிகைகள் ஏன் வந்தன என்பது அடிக்கடி எழுந்த கேள்வி. தீபாவளி என்பது எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய நாள் என்றும், கார்த்திகைத் தீபம் ஆமணக்கு நெய்யைக் கண்டுபிடித்ததைக் கொண்டாடிய நாள் என்றும் அவர் விளக்கினார். இந்த விளக்கத்தை இன்றைய மொழியியல் ஏற்குமா என்பது தனி வாதம். நாம் பதில் சொன்னவரைவிடக் கேட்டவரைக் கவனிக்கச் சொல்கிறோம். அவர் இருக்கும் ஊரில் தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறார்கள். எள் விதைத்து, களையெடுத்து, அறுத்து, உதறிக் கொடுப்பதும் அவருடைய ஆட்கள்தான். கொண்டாட்டத்தின் கதையில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. அந்த இடத்தைக் கேட்டு அவர் ஒரு கார்டு வாங்கி எழுதிப் போடுகிறார். அப்போது தபால் கார்டின் விலையும் காலணாதான். படிக்க ஒரு பைசா, கேள்வி கேட்க ஒரு பைசா. இரண்டு பைசாவில் ஒரு மனிதர் தன் பண்டிகையின் வரலாற்றைத் தானே தீர்மானிக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறார். எள்ளும் ஆமணக்கும் விளைகிற கரிசல் காட்டில் இருந்து படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஒருவர் வாங்கினால் ஒருவர்தான் படித்தார் என்று கணக்குப் போடக் கூடாது. எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, திண்ணையிலும் மரத்தடியிலும் பத்துப் பேர் கேட்பதுதான் அக்காலத்து வாசிப்பு. இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் ‘பறையன்’ இதழைத் தொடங்கியபோது சென்னையில் மட்டும் இரண்டே நாளில் ஏறத்தாழ 400 பிரதிகள் விற்றன என்று தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் எழுதியிருக்கிறார். அந்தப் பெயரையே இதழின் தலைப்பாகப் போட்டதற்கு எத்தனை எதிர்ப்பு வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வசைச் சொல்லாக எறியப்பட்ட பெயரை எடுத்து, ஈய எழுத்தில் கோத்து, தெருவில் கூவி விற்றார்கள். அந்த 400 பிரதிகளை எத்தனை காதுகள் கேட்டிருக்கும்!

இப்போது வரைபடத்துக்கு வருவோம். ‘தமிழன்’ போய்ச் சேர்ந்த இடங்களில் கோலார் தங்கவயல் முதலிடம். பெங்களூர், திருப்பத்தூர், கடல் கடந்து ரங்கூன், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் என்று சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் இருந்த ஊர்களை ஒட்டியே இதழும் போயிற்று. பண்டிதருக்குப் பின் ‘தமிழன்’ நின்றுபோய், 1926இல் ஜி. அப்பாதுரையார் மீண்டும் தொடங்கியபோது அது கோலார் தங்கவயலிலிருந்துதான் வந்தது. கொழும்பிலிருந்து 1919இல் ‘ஆதி திராவிடன்’ என்றொரு இதழ் வந்தது. இந்த ஊர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அங்கே கூலி காசாகக் கிடைத்தது. சுரங்கத்தில் வேலை செய்தவருக்கும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவருக்கும் பட்டாளத்தில் இருந்தவருக்கும் மாதம் கொஞ்சம் நாணயம் கைக்கு வந்தது. பண்ணையாரின் கண்ணுக்கு எட்டாத குடியிருப்பும் இருந்தது. அந்தக் காசில் ஒரு பைசாதான் இதழுக்குப் போயிற்று.

கரிசல் காட்டில் கூலி தானியமாக அளக்கப்பட்டது. கம்பையும் சோளத்தையும் கொடுத்துப் பத்திரிகை வாங்க முடியாது. இரயில் இல்லாததால் இங்கே காகிதம் வரவில்லை என்று சொல்வதற்கில்லை. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876இலேயே தண்டவாளம் போட்டுவிட்டார்கள். பருத்தி ஏற்றத்தான் அது வந்தது. 1901இல் கோவில்பட்டியில் அரசாங்கம் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை வைத்தது. எந்த ரகப் பருத்தி எவ்வளவு காய்த்தது, எந்த ஆண்டு எவ்வளவு மழை பெய்தது என்ற கணக்கு நூற்றாண்டு காலமாக இருக்கிறது. அந்தப் பருத்தியை எடுத்த பெண்களின் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. தபாலும் இரயிலும் வந்த ஊரில்கூட, கையில் நாணயம் புழங்காதவருக்கு அச்சு எட்டாது என்பதுதான் நாம் இதிலிருந்து கண்டுகொள்வது. ஆதலால் ‘தமிழ’னில் நம் பகுதி குறைவாகத் தென்படுவதை வைத்து, இங்கே விழிப்பு இல்லை, சங்கம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்காக 1905இல் சிகாகோவில் ராபர்ட் ஆபட் என்பவர் தொடங்கிய ‘சிகாகோ டிஃபெண்டர்’ இதழை இங்கே நினைத்துக்கொள்ளலாம். தெற்கே நிலவுடைமையாளர்களின் கட்டுப்பாட்டில் இருந்த பருத்திக் காடுகளுக்குள் அதை எடுத்துப் போய்ச் சேர்த்தவர்கள் இரயில் பெட்டிகளில் பணிவிடை செய்த கறுப்பினத் தொழிலாளர்கள். வடக்கே வேலை கிடைக்குமா என்று கேட்டு அந்த மக்கள் எழுதிய கடிதங்களை எம்மெட் ஸ்காட் திரட்டி 1919இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். இன்று அந்தப் பெரும் இடப்பெயர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கடிதங்களுக்குத்தான் போகிறார்கள். பிழை மலிந்த, அவசரத்தில் எழுதிய கடிதங்கள் அவை. பருத்திக் காடு அங்கேயும் பருத்திக் காடுதான். அங்கே கடிதத்தைக் காப்பாற்றி வைக்க ஓர் ஆள் இருந்தார்.

நம் பக்கத்திலும் அப்படி ஆட்கள் இருந்தார்கள். ‘தமிழன்’ இதழ்த் தொகுதிகள் அரசு நூலகத்தால் காப்பாற்றப்பட்டவை அல்ல. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தம் வீட்டில் வைத்துப் பாதுகாத்த பிரதிகள் அவை. அந்தப் பிரதிகளிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்தது. இங்கிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். பண்டிதர் இறந்து 85 ஆண்டு கழித்து அவருடைய எழுத்து மீண்டும் பொதுவெளிக்கு வந்தது என்றால், இடையில் இருந்த 85 ஆண்டும் யாரோ சிலர் கறையானிடமிருந்தும் மழையிடமிருந்தும் அந்தக் காகிதத்தைக் காத்து நின்றார்கள் என்று பொருள். நம் வரலாற்றெழுத்தில் இவர்களுக்குக் கிடைத்திருக்கும் இடம் போதாது.

காப்பாற்ற ஆள் இல்லாத இதழ்களின் கதை வேறு. 1869இல் ‘சூரியோதயம்’, 1871இல் ‘பஞ்சமன்’, 1885இல் ‘திராவிட பாண்டியன்’ என்று வரிசையாக இதழ்கள் வந்திருக்கின்றன. 1916இல் ஸ்வப்னேஸ்வரி அம்மாள் ‘தமிழ்ப் பெண்’ நடத்தினார். ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்ற நூல் 1869 தொடங்கி 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடி எடுத்துச் சொல்கிறது. இவற்றில் பலவற்றின் ஒரு பிரதிகூடக் கண்ணில் படவில்லை. பிறகு எப்படித் தெரிந்தது? ஒன்று, வேறு இதழ்களும் நூல்களும் போகிற போக்கில் அவற்றைக் குறிப்பிட்டிருக்கும். இன்னொன்று, ஆங்கில அரசாங்கம். சுதேசிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று வேவு பார்க்க, வாராவாரம் அவற்றிலிருந்து சில பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு இரகசிய அறிக்கையாக அனுப்பினார்கள். அந்த அறிக்கைகள் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம்மவர்கள் தமிழில் அச்சடித்தது அழிந்துபோய், போலீஸ் கண்ணோட்டத்தில் செய்த ஆங்கிலச் சுருக்கம் மிச்சமிருக்கிறது. மராட்டியத்திலும் கதவு மூடியேதான் இருந்தது. அம்பேத்கர் 1920 ஜனவரி 31இல் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது, பணம் கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் ‘கேசரி’ மறுத்துவிட்டது.

சிறு பத்திகளைப் படிப்பதில் இன்னொரு பயனும் உண்டு. அதைச் சொல்லும்போது சில தோழர்களுக்கு வருத்தம் வரலாம், ஆனாலும் சொல்கிறோம். இங்கிருந்து தெற்கே இருக்கிற மணியாச்சி சந்திப்பில் 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டிதர் அந்தக் கொலையைக் கண்டித்துத் ‘தமிழ’னில் எழுதினார். சுதேசி இயக்கம் யாருடைய சுதேசம் என்று அவர் தொடர்ந்து கேட்டுவந்தார். அந்தக் கேள்வியின் தொடர்ச்சிதான் அதுவும். இது அச்சில் இருக்கிற சான்று. அதே சமயம், பிரசவ வலியில் துடித்த நம் பெண் ஒருத்தியை அக்கிரகாரத்தின் வழியாக ஆஷ் தம் வண்டியில் அனுப்பினார், அதனால்தான் கொல்லப்பட்டார் என்றொரு கதை மேடைகளிலும் செல்பேசிகளிலும் சுற்றுகிறது. கேட்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லும் எந்தப் பதிவும் அக்காலத்து ஆவணம் ஒன்றை நம்மிடம் காட்டியதில்லை. நமக்கு எதிராக வாதிடுகிறவர்கள் முதலில் கை வைப்பது இப்படிப்பட்ட இடத்தில்தான். அந்த நாளிலேயே எழுதி அச்சிட்ட பண்டிதரின் வரிகள் நம்மிடம் இருக்கும்போது, சான்றில்லாத கதையின் மேல் ஏன் நிற்க வேண்டும்?

சரி, நம் ஊருக்கு வருவோம். கரிசலின் தலித் வாழ்வு அச்சில் பெரிதாக வந்தது நாவல்களில். பூமணியின் ‘பிறகு’ 1979இல் வந்தது. செருப்புத் தைக்கிற அழகிரியின் வாழ்வைக் கண் முன் நிறுத்திய நாவல் அது. தர்மனின் ‘கூகை’ 2005இல் வந்தது. தம்மைத் தலித் எழுத்தாளர் என்று அடையாளப்படுத்துவதைப் பூமணி ஏற்றதில்லை. அது அவருடைய உரிமை. இந்த நாவல்களைப் படித்தால் காட்டு வேலையின் களைப்பும் கஞ்சியின் சுவையும் பேச்சும் வசையும் கிடைக்கும். ஆனால் நாவலாசிரியர் ஊர்ப் பெயரை மாற்றிவிடுவார், நான்கு பேரைச் சேர்த்து ஒருவராக்குவார், பத்தாண்டு நிகழ்ச்சியை ஒரே கோடையில் வைப்பார். அது அவர் தொழில். நீதிமன்றத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ அதைக் காட்ட முடியாது. நாவல் நமக்கு வாழ்வைத் தந்தது, தேதியைத் தரவில்லை.

தேதி எங்கே இருக்கிறது என்றால் டிரங்குப் பெட்டிகளிலும் பரண்களிலும் இருக்கிறது. நமக்கு இராயப்பேட்டை போல ஒரு வாரப் பத்திரிகை கிடைக்கவில்லை. ஆனால் ஊர்தோறும் நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். அம்பேத்கர் மன்றத்தின் ஆண்டு விழா நோட்டீஸ், அம்மன் கோயில் கொடை நோட்டீஸ், சங்கங்கள் அனுப்பிய மாதச் செய்தி மடல், ஸ்டென்சில் வெட்டி உருட்டி எடுத்த ரோனியோ தாள், விடுதி மாணவர்கள் ஒரே பிரதியாக எழுதிச் சுற்றுக்கு விட்ட கையெழுத்துப் பத்திரிகை, சபை மடல், தீப்பெட்டி ஆபீஸ் பெண்களின் கூலி உயர்வுக்காக அடித்த துண்டறிக்கை, கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு, ஊர்ப் பொதுப் பண வரவு செலவு நோட்டு. இவற்றில் பலவற்றை யாரும் பத்திரிகை என்று சொல்ல மாட்டார்கள். ‘தமிழ’னின் கடைசிப் பக்கம் செய்த வேலையை இங்கே இவைதான் செய்தன.

கொடை நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். மேலே அம்மன் படம், நடுவே நிகழ்ச்சி நிரல், கீழே விழாக் கமிட்டியார் பெயர்கள். பார்த்தவுடன் பக்திக் காகிதம். பத்தாண்டு இடைவெளியில் அடித்த இரண்டு நோட்டீஸ்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் வெறும் பெயர்கள். இரண்டாவதில் பெயருக்குப் பின்னால் படிப்பு வருகிறது, வேலை வருகிறது, பட்டாளத்துக்காரர் வருகிறார், மும்பை என்றும் திருப்பூர் என்றும் சவூதி என்றும் ஊர் வருகிறது. நன்கொடையாளர் பட்டியலே இடப்பெயர்ச்சியின் வரலாறு. வில்லிசைக்கு யாரை அழைத்தார்கள், கொட்டுக்கு யாரை அழைத்தார்கள், எந்த ஆண்டிலிருந்து நம் இளைஞர்கள் கொட்டடிக்கப் போக மாட்டோம் என்றார்கள் என்பதையும் வரிகளுக்கு நடுவே படிக்கலாம். எந்த ஆண்டு திடீரென்று அம்பேத்கர் படம் அம்மனுக்குப் பக்கத்தில் வந்தது என்பதையும் பார்க்கலாம். அந்த ஆண்டு ஊரில் ஏதோ நடந்திருக்கும். என்ன நடந்தது என்று பெரியவர்களிடம் கேட்க நமக்கு ஒரு தேதி கிடைத்துவிடுகிறது. ‘அந்தக் காலத்தில் எப்படி இருந்தீர்கள்?’ என்று கேட்டால் எல்லாத் தாத்தாக்களும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். நோட்டீஸைக் கையில் கொடுத்து, ‘தாத்தா, இதிலே மூணாவது பேரு யாரு?’ என்று கேட்டுப் பாருங்கள்.

மொய் நோட்டு இதைவிட ஆழமானது. யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எவ்வளவு செய்தார் என்பது வரிசையாக இருக்கும். எந்தெந்த ஊரோடு கொள்வினை கொடுப்பினை இருந்தது, வறட்சி ஆண்டில் மொய் எப்படிச் சுருங்கியது, தானியமாக வந்தது எப்போது காசாக மாறியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. பிற சாதிக்காரர்கள் செய்த மொய் தனியாக எழுதப்பட்டிருக்கிறதா, சேர்த்து எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மொய் நோட்டு பெண்களின் உழைப்பில் வந்த பணத்தை ஆண்களின் பெயரில் எழுதிய நோட்டு என்பதையும் மறந்துவிட வேண்டாம். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியும் வீட்டில் பெட்டி ஒட்டியும் வந்த காசு அதில் இருக்கிறது. அடுக்கியவரின் பெயர் இல்லை. பக்கத்தில் அமர்ந்து, வரி வரியாக, ‘இந்தக் காசு எங்கேயிருந்து வந்தது?’ என்று அந்த அம்மாக்களிடம் கேட்டு எழுதிக்கொண்டால்தான் அந்த நோட்டு முழுமையாகும்.

இதெல்லாம் பழம்பொருள் சேகரிப்பவர்களின் பொழுதுபோக்கு என்று தோன்றினால் கொடியங்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீஸார் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, வீடு கட்டி, டி.வி.யும் தையல் மிஷினும் டிராக்டரும் வாங்கியிருந்த ஊர் அது. பொருள்களை நொறுக்கினார்கள். உடுப்புகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். படித்த இளைஞர்களின் பாஸ்போர்ட்டுகளும் சான்றிதழ்களும் எரிக்கப்பட்டன என்று அப்போது வெளிவந்த செய்திகளும் மனித உரிமை அறிக்கைகளும் பதிவு செய்தன. டி.வி.யை உடைப்பதில் பொறாமை தெரிகிறது. சான்றிதழை எரிப்பதில் கணக்குத் தெரிகிறது. ஒரு காகிதம் ஒரு மனிதனைக் கரிசல் காட்டிலிருந்து வெளியே கொண்டுபோகும் என்பது எரித்தவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாம்தான் நம் காகிதங்களைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடுகிறோம்.

பழைய இதழ்களைப் படிக்கப் போகிற மாணவர்களுக்குப் பெயர்களைப் பற்றி ஒரு சொல். ‘தலித்’ என்று தேடினால் 1990களுக்கு முன்னால் அநேகமாக ஒன்றும் கிடைக்காது. பஞ்சமர், சாதிபேதமற்ற திராவிடர், பூர்வத் தமிழர், ஒடுக்கப்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், அரிசனர் என்று காலத்துக்குக் காலம் பெயர் மாறியிருக்கிறது. சட்டசபையில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தை ஒட்டி 1922இல் அரசாணை வந்த பிறகே ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் அரசுக் காகிதங்களில் ஏறியது. 2021இல் ஏழு உட்பிரிவுகளைச் சேர்த்துத் தேவேந்திரகுல வேளாளர் என்று சட்டம் பெயர் மாற்றியது. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு கூட்டம், ஒரு மனு, ஒரு சண்டை இருக்கிறது. அந்தப் பெயர்களைக் கேட்டவர்களுக்கு இடையிலும் சண்டை இருந்திருக்கிறது. பண்டிதர் பெயரால் நடக்கும் கூட்டத்தில் இதையும் சொல்லியாக வேண்டும். அவருடைய சாதிபேதமற்ற திராவிடரில் அருந்ததியருக்கு இடமில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் வேறு என்று அவர் பிரித்தார். கரிசல் காட்டில் அருந்ததியர் தெரு இல்லாத பெரிய ஊர் அபூர்வம். ஆகவே இங்கே காகிதம் தேடப் போகிறவர்கள் பள்ளர் தெருவிலும் பறையர் தெருவிலும் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டால், பண்டிதர் விட்ட இடத்தை நாமும் விட்டுவிட்டோம் என்றாகும். அந்தத் தெருவில் காகிதம் குறைவாக இருக்கும். இருக்கிற ஒன்றிரண்டும் எடைக்குப் போகிறதற்கு முன் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

கிடைத்த காகிதத்தை என்ன செய்வது? செலோடேப் ஒட்டாதீர்கள்; சில ஆண்டுகளில் பசை பழுப்பாகி எழுத்தைத் தின்றுவிடும். லேமினேஷனும் கூடாது, சூட்டில் ஒருமுறை ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. மடிப்பை ஒரேயடியாக விரிக்காமல் மெல்ல விரித்து, வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில், செல்பேசியிலேயே படம் எடுக்கலாம். முன்பக்கம் மட்டும் போதாது. பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதியிருந்தால் அதையும் எடுங்கள், அதுவும் சான்றுதான். யார் வீட்டுப் பெட்டியில், யார் கொடுத்து, எந்தத் தேதியில் எடுத்தோம் என்பதை அன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். அது இல்லாத படம் ஊர் பேர் இல்லாத அனாதையாகிவிடும். மூலக் காகிதத்தை அந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுங்கள். வாங்கிப் போனவர்கள் திருப்பித் தரவில்லை என்ற பேச்சு நம் ஊர்களில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

படம் எடுத்ததையெல்லாம் வாட்ஸ்அப்பில் போட வேண்டாம் என்பதும் முக்கியம். மொய் நோட்டில் இருப்பது உயிரோடு இருக்கிறவர்களின் கடன். வன்கொடுமைத் துண்டறிக்கைகளில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரை அந்தக் காலத்தில் அப்படியே அச்சடித்திருப்பார்கள். இன்று அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். எதை வெளியிடுவது, எதைப் பூட்டி வைப்பது என்பதை அந்தக் குடும்பத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பல நோட்டீஸ்களில் ஆண்டு இருக்காது. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கி, சித்திரை இத்தனையாம் தேதி செவ்வாய்க்கிழமை என்று முடிந்துவிடும். அப்போது பஞ்சாங்கத்தை எடுத்து, அந்தத் தேதி எந்தெந்த ஆண்டில் செவ்வாயாக வந்தது என்று பார்க்கலாம். நாலைந்து ஆண்டுகள் மிஞ்சும். அதற்குப் பிறகு காகிதத்தின் அடிவிளிம்பைப் பாருங்கள். அச்சிட்டவர் பெயரும் ஊரும் போட வேண்டும் என்று 1867ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அந்தப் பழக்கத்தில் சின்ன நோட்டீஸிலும் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ சிவகாசியிலோ அந்த அச்சகம் எந்த ஆண்டு தொடங்கியது, எந்த ஆண்டு வரை கையால் எழுத்துக் கோத்தார்கள், எப்போது ஆஃப்செட்டுக்கு மாறினார்கள் என்று விசாரித்தால் நாலைந்து ஆண்டு ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். எழுத்துக் கோத்த கம்பாசிட்டர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. நோட்டீஸை எடுத்துக்கொண்டு முதலில் அவர்களிடம் போங்கள்.